பம்ப் ஓடும் சத்தம்

அந்தக் கார் ஷெட்டில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்க முடியாது. திறந்தால் சுவரில் இடிக்கும். ஓட்டுபவர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, கியரைத் தாண்டி, நகர்ந்து உட்கார வேண்டும். அவள் அப்படி நகர்ந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

முன்னால் பானெட் தூக்கி நின்றது. கண்ணாடி முழுக்க அதன் தகரம். கீழே மட்டும் கையகல இடைவெளி. அதில் அப்பாவின் கைகள் வந்தன, போயின. முகம் தெரியவில்லை.

"போடு."

சாவியைத் திருப்பினாள். என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை.

"விடு."

விட்டாள்.

"பேட்டரி நல்லா இருக்கு. செல்ஃப் நல்லா சுத்துது," என்றார் அப்பா. "ஆக, வில்லங்கம் அதுக்கு அந்தப் பக்கம்."

வில்லங்கம் எங்கே என்று அவளுக்குத் தெரியும். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ஒரு கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியைவிடச் சிறியது. ரிலே என்பார்கள். முந்தின நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அதைப் பிடுங்கியவள் அவள்தான். இடம் காலியாக இருந்தால் கண்ணில் படும் என்று, அவருடைய பழைய சாமான் டப்பாவிலிருந்து அதே மாதிரி செத்துப்போன ஒன்றை எடுத்துச் செருகினாள். நல்லதைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு மனசு மாறினாலும் எடுக்க முடியக் கூடாது.

இது அவள் வேலை செய்யும் மருந்துக்கடையின் பின்னறையில் நின்று, கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அவளுக்குக் காரைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

அப்பா பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே ஃபோர்மேன்தான். பேத்தியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் அவர் வேலை. அந்தப் பேத்திதான், வாண்டுதான், முதலில் சொன்னாள். சிக்னலில் பச்சை விழுந்தும் தாத்தா வண்டியை எடுக்கவில்லை. "கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கினார்மா. நான் உலுக்கினேன், எழுந்துட்டார்."

அடுத்த தடவை கார் ஓடிக்கொண்டிருந்தது. சாலையின் நடுச்சுவரில் உரசி நின்றது. நாய் குறுக்கே வந்தது என்றார் அப்பா. "நாயே வரலம்மா," என்றாள் வாண்டு. அவளுடைய உதடு கிழிந்திருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓட்டவே கூடாது என்றார். வெளியே வந்ததும் அப்பா ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார். "அதோ நிக்குது பாரு, டாக்டர் வண்டி. ரெண்டு வண்டி நிக்கற இடத்துல கோணலா ஒண்ணு. இந்த லட்சணத்துல அவர் எனக்கு சொல்றார்."

அழுது பார்த்தாள். கத்திப் பார்த்தாள். சாவியை ஒளித்தாள். அவர் இன்னொரு சாவியோடு வந்து, "வரியா, கடைல விட்டுடறேன்," என்றார்.

அதற்குப் பிறகுதான் ரிலே.

கொஞ்ச நேரம் முயன்று பார்ப்பார், அலுத்துப்போய் ஒர்க்ஷாப்புக்கு ஆள் அனுப்புவார், பழைய மாடலுக்கு சாமான் கிடைக்காமல் அங்கேயே கிடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு தப்பு. அவர் ஃபோர்மேன். அவருக்கு அலுக்கவில்லை.

"நான் பஸ்ல போய் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்பா. இன்னைக்குத்தான் எனக்கு லீவாச்சே."

"பஸ்ஸா? பஸ்ஸுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். என் பேத்தி அதுல வர வேண்டாம்."

கழற்றிய ஒவ்வொன்றையும் அவர் பக்கத்து இருக்கையில் வைத்தார். பழைய போர்வையை விரித்து, வரிசையாக. காற்றுக் குழாய், அதன் கிளிப், ஒயர்கள், பிளக்குகள். டிப்போ பழக்கம். கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் அதுதான் மாட்டும் வரிசை.

"இதுல கை பட்டுடக் கூடாது பாப்பா. வரிசை கலைஞ்சா நான் காலி."

அவள் வெளியே போக இருந்த ஒரே வழி அந்த இருக்கைதான். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

ஒரு பிளக்கை ஒயரில் மாட்டி என்ஜின்மேல் கிடத்தினார். "போடு." திருப்பினாள். "விடு. பொறி நீலமா வருது. பார்த்தியா?"

"பானெட் மறைக்குதுப்பா."

"நான் பார்த்தேன், போதும். ஆக, பொறி இருக்கு. அடுத்தது பெட்ரோல்."

பின்கதவைத் திறந்து, பின் இருக்கையில் முழங்காலிட்டார். இருக்கைக்குக் கீழேதான் டேங்க், அதற்குள் பம்ப். சாவியைப் பாதி திருப்பினால் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் ஷெட் வாசலில் நின்றே அவர் கேட்டிருப்பார். வாழ்நாள் முழுக்க என்ஜின்களுக்கு நடுவில் நின்ற காது. இப்போது வீட்டு மணி அடித்தால்கூட யாராவது சொல்ல வேண்டும்.

இருக்கையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். "திருப்பு."

திருப்பினாள்.

"நடுங்குது." கையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிய கையும் நடுங்கியது. "ச்சே. பம்ப் நடுங்குதா, கை நடுங்குதான்னே தெரியல. உன் காதைக் குடு. திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். முன்னால் எங்கோ க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம். பின்னால் ஒன்றுமில்லை. அவர் மூச்சு மட்டும்.

"கேக்குதா?"

இல்லை என்று சொன்னால் அவர் நேராக ரிலேவுக்குத்தான் போவார்.

"கேக்குதுப்பா."

"நிச்சயமா?"

"ம்."

"எப்படிக் கேக்குது?"

"ர்ர்ர்னு."

அவர் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "அதேதான். பம்ப் ஓடுது."

முன்பக்கம் போய் பெட்ரோல் குழாயைத் தளர்த்தினார். துணியில் சில சொட்டுகள் விழுந்தன. வேகமில்லை. "பம்ப் ஓடுது. பெட்ரோல் வரல. ஆக, நடுவுல அடைப்பு. ஃபில்ட்டர்." சந்தோஷமாகச் சொன்னார். வீட்டில் புது ஃபில்ட்டர் ஒன்று இருந்தது. அவரிடம் எல்லாம் இருந்தது.

ஃபில்ட்டர் காருக்கு அடியில். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தின் கீழ் பலகை செருகி, கோணியை விரித்து, மல்லாந்து நுழைந்தார். பக்கக் கண்ணாடியில் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வலது கால் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பானர் தரையில் உரசியது.

பிறகு உரசவில்லை. காலும் ஆடவில்லை.

"அப்பா."

கால்கள் அப்படியே இருந்தன.

"அப்பா! என்னாச்சு?"

கதவைத் தள்ளினாள். சுவர். பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பிளக்குகள், கிளிப்புகள், எல்லாம் வரிசையாக. அப்போதும் அவற்றை வாரித் தள்ள அவளுக்குக் கை வரவில்லை. அதற்குப் பதில் ஹாரனை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

கால் உதறியது. "யாரது? என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. கை பட்டுடுச்சு."

"பெட்ரோல் கண்ணுல சொட்டுச்சு, கொஞ்சம் கண்ணை மூடினேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டற."

ஊர் கூடவில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மட்டும் வந்தான். சாப்பிட்ட கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றான்.

"என்னக்கா, ஹாரன் மட்டும்தான் வேலை செய்யுதா?"

"வா, வா," என்றார் அப்பா, அடியிலிருந்து வெளியே வந்தபடி. புது ஃபில்ட்டர் மாட்டியாகிவிட்டது. "போடு பாப்பா."

போட்டாள். சுற்றியது. பற்றவில்லை.

"ஃபோர்மேன் சார், இதுக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் பேசி ஒரே நாள்ல ரிட்டயர் ஆயிடுங்க."

"என்ன சொல்றான்?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

"வண்டி நல்ல வண்டிங்கறார்."

எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே போய் மீட்டரை எடுத்து வந்தான். பின் இருக்கையைத் தூக்கினான். பம்புக்குப் போகும் ஒயரைக் கழற்றி, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்தான்.

"சாவி போடுங்கக்கா... திரும்பப் போடுங்க." மீட்டரைத் தட்டினான். "சார், இங்க கரண்டே வரல." கத்திச் சொன்னான்.

"கரண்ட் வருது. பம்ப் ஓடுதே."

"யார் சொன்னது?"

"பாப்பா கேட்டா. ர்ர்ர்னு."

எலக்ட்ரீஷியன் நிமிர்ந்தான். உள்கண்ணாடியில் அவன் கண்களும் அவள் கண்களும் சந்தித்தன. அவள் பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். எடுக்காததால் தெரிந்துவிட்டது.

"கரண்ட் இல்லாம ஓடினா அது பம்ப் இல்ல சார்," என்றான் மெதுவாக. "சாமி."

"மீட்டர் கெட்டுப்போகும்டா. எத்தனை மீட்டர் பார்த்திருக்கேன். என் பொண்ணு காது கெட்டுப்போகாது."

எலக்ட்ரீஷியன் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை. "இருக்கும் சார். பேட்டரி மாத்தி நாளாச்சு," என்றான். ஒயரை மாட்டினான். இருக்கையை இறக்கினான். போகும்போது பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

"உங்க காது ரொம்ப விசேஷமான காதுக்கா."

போய்விட்டான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. யாராவது ஒருவர் அந்த ஷெட்டில் நின்றிருக்கலாம்.

அப்பா கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். திறந்த கதவு வழியாக இப்போது அவர் முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது. நெற்றியில் கறுப்பாக ஒரு விரல் தடம்.

"எங்கயோ விட்டுட்டேன்," என்றார்.

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்பா."

"இரு. பேட்டரி பார்த்தேன். செல்ஃப் பார்த்தேன். பொறி..." நிறுத்தினார். "பொறிக்கு அப்புறம் என்ன பார்த்தேன்?"

"பம்ப்."

"ஆமா. பம்ப்." போர்வையைப் பார்த்தார். ஒரு கிளிப்பை எடுத்தார். விரலில் உருட்டினார். மற்ற சாமான்களைப் பார்த்தார், மறுபடி கிளிப்பைப் பார்த்தார். "இது எதோடது?"

காற்றுக் குழாயின் கிளிப். அவளுக்கே தெரிந்தது. அவர் கழற்றி, குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்த கிளிப்.

"குழாயோடதுப்பா."

"ம்." அதை வைத்தார். சற்றுத் தள்ளி வைத்தார். "டிப்போல என்கிட்ட ஒரு வண்டி படுத்ததே இல்ல பாப்பா. என்ன வண்டியா இருந்தாலும் எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். சரி பண்ண சாமான் இல்லாம நின்னிருக்கு. எங்கன்னு தெரியாம நின்னதில்ல."

அவள் வாயைத் திறந்தாள். மணியைப் பார்த்தாள். பள்ளி விட அதிக நேரமில்லை. கார் ஓடினால் அவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். பாலத்தைத் தாண்டித்தான் பள்ளி.

வாயை மூடிக்கொண்டாள்.

"அவன் மீட்டர் சரின்னே வெச்சுக்குவோம்," என்றார் அப்பா. அவளிடம் சொல்லவில்லை. "பாப்பா காதும் சரி. ரெண்டும் சரின்னா..." எழுந்தார். "நம்பறது வேற, பார்க்கறது வேற. பார்க்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

முன்பக்கம் போனார். இடைவெளியில் கைகள் வந்தன. ரிலேக்கள் இருந்த பெட்டியின் கறுப்பு மூடியைக் கழற்றின. ஒன்றின்மேல் போய் நின்றன. ஆட்டி, இழுத்து எடுத்தன.

அதன்பின் கைகள் அசையவில்லை.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் கத்துவார். கத்தட்டும். முடிந்துவிடும்.

அவர் கத்தவில்லை. சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்தார். உள்ளங்கையை நீட்டினார். அதில் ரிலே. அதன் தலையில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி.

முந்தின நாள் அவள் அதைப் பார்த்திருந்தாள். பழைய சாமானில் கீறல் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

"இது என் குறி," என்றார் அப்பா. "டிப்போல நான் போட்ட சட்டம். செத்த சாமானைக் கழட்டினா, கழட்டின இடத்துலயே பெருக்கல் போடணும். அப்புறம்தான் கீழ வைக்கணும். அவசரத்துல யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு." கட்டைவிரலால் குறியைத் தடவினார். "இதை நான்தான் கழட்டினேன். நான்தான் குறி போட்டேன். நானே எடுத்து மாட்டியிருக்கேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அப்பா."

"எப்ப மாட்டினேன்? எதுக்கு மாட்டினேன்?" அவளிடம்தான் கேட்டார். "ஞாபகமே இல்லையே பாப்பா."

"அப்பா, நான் சொல்றதக் கேளுங்க."

"டிப்போல ஒருத்தன் இப்படித்தான் மாட்டினான். குறி போட்ட பிரேக் வால்வு. நல்ல வேலைக்காரன். கண் முன்னாடி குறி இருக்கு, மாட்டிட்டான். அன்னைக்கே அவனை ஸ்டோர்ல உக்கார வெச்சேன். வண்டிப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டேன். அழுதான். கேக்கல நான்."

வாளியைத் தேடி உட்கார்ந்தார். ரிலே கையிலேயே இருந்தது.

"அப்ப உனக்குக் கேட்ட சத்தம்?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே தலையாட்டிக்கொண்டார். "இது உள்ள கருகினாலும் க்ளிக்னு அடிக்கும். அதைக் கேட்டிருப்ப. உன் மேல தப்பில்ல. நீ என்ன மெக்கானிக்கா?"

"நான்தான்பா மாத்தினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து நீங்க குளிக்கப் போனப்ப. நீங்க ஓட்டக் கூடாதுன்னு. நான்தான் மாத்தினேன்."

அவர் முகம் மெல்ல இளகியது. நெற்றியில் இருந்த சுருக்கம் போனது. அவள் சின்னப் பிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்த பார்வை.

"நீயா?"

"ஆமா."

"ரிலேன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? எங்க இருக்குன்னு தெரியுமா? எந்த டப்பாலேர்ந்து எடுத்த?"

ஜாக்கிக்குப் பின்னால், மூடி இல்லாத பிஸ்கட் டப்பா. அடியில் துருப்பிடித்த சங்கிலி, அதன்மேல் ரிலேக்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் நம்புவார். நம்பினால் அவருக்கு ஞாபகம் திரும்பக் கிடைக்கும், கிளிப் திரும்பக் கிடைக்கும். காரும் திரும்பக் கிடைக்கும். பாலத்தின்மேல் வாண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் டப்பா இருந்த மூலையைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"தெரியலல்ல?" என்றார் அப்பா. "எனக்காகப் பொய் சொல்லாத பாப்பா. உனக்கு அது வராது."

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தார். எல்லாம் மெதுவாக நடந்தது. ஒவ்வொரு பிளக்கையும் எடுத்துக் காட்டி, "இதுதானே அடுத்தது?" என்றார். அவள், "ஆமாப்பா," என்றாள். கிளிப்பைக் காட்டினார். "குழாய்க்கு," என்றாள். ஹாரனின் ரிலேவைப் பிடுங்கி பம்புக்குச் செருகினார். இரண்டும் ஒரே அளவு.

"போடு."

முதல் சுற்றிலேயே பற்றியது. ஷெட் அதிர்ந்தது. பானெட் இறங்கியது. கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்தது. பின்னால், இருக்கைக்குக் கீழே, பம்ப் ர்ர்ர் என்றது.

அவர் போர்வையை உதறி மடித்தார். பக்கத்து இருக்கை காலியானது. இந்த இடத்தில், வேறு எந்த நாளாக இருந்தாலும், "நகரு," என்றிருப்பார்.

"நீயே ஓட்டு," என்றார். சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார். "இதையும் நீயே வெச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத."

பல நாளாக அவள் கேட்டுக் கெஞ்சியது இதைத்தான். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

காரைப் பின்னால் எடுத்தாள். வாசலைத் தாண்டியதும் அவர் ஏறி உட்கார்ந்தார். சீட் பெல்ட்டுக்காகக் கை பழைய பழக்கத்தில் வலது தோள் பக்கமே போனது. அங்கே பெல்ட் இல்லை. கொஞ்ச நேரம் காற்றில் தேடியது. அவள் குறுக்கே எட்டி மறுபக்கத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள்.

தெருவுக்குள் திருப்பப் போனபோது, "நிறுத்து," என்றார்.

"என்னப்பா?"

"காலைல வெந்நீர் வெச்சேன். அடுப்ப அணைச்சேனா?"

"அணைச்சிருப்பீங்கப்பா."

"போய்ப் பாரேன்."

"நேரமாச்சுப்பா. அவ வாசல்ல நிப்பா."

"போய்ப் பாரும்மா."

இறங்கிப் போனாள். சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரின் ரெகுலேட்டரும் மூடியிருந்தது. வெந்நீர்ப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கைப்பிடித் துணிகூட மடித்திருந்தது. அவள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

"அணைச்சிருக்குப்பா."

"நான் அணைச்சிருந்தேனா, நீ இப்பப் போய் அணைச்சியா?"

"நீங்கதான் அணைச்சிருக்கீங்க. பாத்திரத்தைக்கூடக் கழுவி வெச்சிருக்கீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கியரின்மேல் இருந்த அவள் கையை மெல்லத் தட்டினார்.

"நீ அப்படித்தான் சொல்லுவ," என்றார். "எடு, போகலாம்."